விடை சொல்லாத அறிவியல் படங்களை நாலு பேரோடு பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கதையைக் கடைசியில் முடித்துக் கையில் கொடுக்காத அறிவியல் புனைவுப் படம் ஒன்றை நாலு பேரோடு உட்கார்ந்து பார்த்தால், விளக்கைப் போட்டதும் அறை இரண்டு கட்சியாகிவிடும். ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர், “ஏனுங்க, இத்தனை நேரம் உட்கார வெச்சு, கடைசியில என்னதானுங்க சொல்ல வர்றாங்க?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து செருப்பைத் தேடுவார். இவருக்கு ரசனை இல்லை என்று முதலாமவர் நினைப்பார். புரிந்த மாதிரி நடிக்கிறார் என்று இரண்டாமவர் நினைப்பார். அத்தோடு கூட்டம் கலைந்துவிடும். அடுத்த வாரம் கூப்பிட்டால் ஆளுக்கொரு வேலை வந்துவிடும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி என்று எந்த ஊரில் இருந்தாலும் சரி, இப்படிப்பட்ட படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கும், வீட்டிலோ நண்பர் வட்டத்திலோ சேர்ந்து பார்க்க நினைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இப்படிக் கூட்டம் சேர்த்துப் படம் போட்டுவருவதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: படம் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்தான் அந்தக் கூட்டத்துக்கு மிகவும் வேண்டியவர். அவரை அடுத்த முறையும் வரவைக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், இந்தச் சண்டை எவ்வளவு பழையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

படம் போடுகிறவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால், யாராவது கோபப்படும்போது நீங்கள் பதறமாட்டீர்கள்.

1968 ஏப்ரலில் அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ வெளிவந்தது. படம் தொடங்கி ஏறக்குறைய 25 நிமிடம் வரை யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். முதன்முதலில் திரையிட்டபோதே ஆட்கள் எழுந்து போனார்கள். லாஸ் ஏஞ்சலஸ் திரையிடலில் நடிகர் ராக் ஹட்சன் பாதியில் கிளம்பியதைப் பின்னாளில் விமர்சகர் ராஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார். குப்ரிக்கே படத்திலிருந்து சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். பாலின் கேல் போன்ற பெரிய விமர்சகர், கற்பனை வறண்ட படம் என்று திட்டி எழுதினார். அதே படம் 2022ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் உலக இயக்குநர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் முதல் இடத்துக்கு வந்தது. இதைச் சொல்லி, ‘பார்த்தீங்களா, திட்டினவங்கதான் தோத்தாங்க’ என்று முடித்துவிடக் கூடாது. ஏனென்றால் அந்தப் படம் பிடிக்காதவர்களில் புகழ்பெற்ற சோவியத் இயக்குநர் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கியும் உண்டு. அவருக்கு அது உயிரில்லாத, குளிர்ந்த படமாகத் தெரிந்தது. அவர் 1972ல் எடுத்த ‘சோலாரிஸ்’ கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கியது. அந்தப் படத்தையோ, மூல நாவலை எழுதிய ஸ்தானிஸ்லாவ் லெம் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் எழுதியது ஒன்று, இவர் எடுத்தது தஸ்தயேவ்ஸ்கி நாவல் மாதிரி வேறொன்று என்பதுதான் அவருடைய குறை.

இன்னும் ஒரு படி மேலே ‘பிளேட் ரன்னர்’. நாயகன் மனிதனா, செயற்கையாகச் செய்யப்பட்ட ஆளா என்ற கேள்வியில் படம் எடுத்தவர்களே ஒத்துப்போகவில்லை. இயக்குநர் ரிட்லி ஸ்காட் செயற்கை ஆள் என்றே சொல்லிவந்தார். நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு, மனிதனாக இருக்க வேண்டும் என்று படப்பிடிப்பிலேயே வாதாடினார். எடுத்தவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கும்போது, பல்லடத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் இரண்டு கட்சி வருவதில் என்ன தப்பு?

‘நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று யாராவது சொன்னால்

கண்டிப்பாக யாராவது சொல்வார்கள். அவர்களிடம் இரண்டு செய்தியைச் சொல்லுங்கள். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் திருச்சிக்கு வந்திருந்த துப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அதே பெயர்தான். கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தவர்களுக்குத் திரையில் படம் அசைவதே அதுவரை பார்த்திராத சங்கதி. 1952ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கக் கூட்டாளிகளோடு சேர்ந்து, அழிந்துபோன மாமூத் யானைகள் காட்டுக்குள் திரிகிற ஒரு படத்தையே எடுத்தது. புதுசைப் பார்த்து மிரளாத ஊர் இது. கோவையில் ‘கோணங்கள்’ போன்ற திரைப்படச் சங்கங்களும் உலகப் படங்களை ஆண்டுக்கணக்கில் போட்டுவந்திருக்கின்றன. பக்கத்தில் அப்படி ஒரு சங்கம் நடந்தால் முதலில் அங்கே போய் உட்காருங்கள்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

எடுத்த எடுப்பில் தார்க்கோவ்ஸ்கி வேண்டாம். சிறியதிலிருந்து தொடங்குங்கள்.

என் முதல் தேர்வு எப்போதும் ‘லா ஜெத்தே’. கிறிஸ் மார்க்கர் 1962ல் எடுத்த பிரெஞ்சுப் படம், 28 நிமிடம்தான். மூன்றாம் உலகப் போருக்குப் பிறகு நிலத்தடியில் வாழ்கிறவர்கள், ஒரு மனிதனைக் காலத்தில் பின்னோக்கி அனுப்புகிறார்கள். படம் முழுக்க நிழற்படங்களாலும் ஒரு குரலாலும் நகர்கிறது. ஓர் இடத்தில் மட்டும் ஒன்று மாறும். அது என்ன என்பதை யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். முடிந்த பிறகு, “நடுவுல ஏதாவது வித்தியாசமாப் பட்டுதுங்களா?” என்று மட்டும் கேளுங்கள். கவனித்தவர் துள்ளுவார். கவனிக்காதவர் மறுபடி போடச் சொல்வார். 28 நிமிடம்தானே, உடனே போடலாம். ஒரு படத்தை இரண்டாம் முறை பார்க்கும் பழக்கம் அன்றைக்கே வந்துவிடும்.

அடுத்து ‘அரைவல்’, 2016. டெட் சியாங் எழுதிய கதையை வைத்து டெனிஸ் வில்நெவ் எடுத்தது. வேற்றுகிரகத்தார் வருகிறார்கள், ஒரு மொழியியல் பேராசிரியை அவர்களோடு பேச முயல்கிறார். உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு போக முடிகிற கதை என்பதால் மாமா, அத்தை எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கலாம்.

தமிழிலிருந்தே தொடங்க வேண்டும் என்றால் ‘சூப்பர் டீலக்ஸ்’ ஒரு நல்ல வாசல். 2019ல் அது வந்தபோது, நடுவில் வருகிற வேற்றுகிரகப் பெண்ணைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு, அதனால்தான் படமே நிற்கிறது என்று வாதாடியவர்களும் உண்டு. ஆனால் ‘ஏ’ சான்றிதழ் படம். குழந்தைகள் இருக்கும் கூட்டத்தில் வேண்டாம். ஜொனாதன் கிளேசரின் ‘அண்டர் தி ஸ்கின்’ படத்துக்கும் இதே எச்சரிக்கை. பெரியவர்கள் மட்டும் என்றால் அதை அவசியம் போடுங்கள். 2013ல் வெனிஸ் விழாவில் ஒரே அரங்கில் ஒரு பக்கம் கூச்சலும் இன்னொரு பக்கம் கைதட்டலும் வாங்கிய படம் அது. கிளாஸ்கோ தெருக்களில் ஒளித்துவைத்த கேமராவால் எடுத்த காட்சிகளில், வேனில் ஏறிப் பேசுகிற ஆண்கள் பலர் தொழில்முறை நடிகர்களே இல்லை. பார்த்து முடித்தவர்களிடம் இதைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

‘2001’, தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’, ‘சோலாரிஸ்’ மூன்றையும் கூட்டம் ஒருவருக்கொருவர் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ‘பிளேட் ரன்னர்’ 1982ல் வந்தபோது, வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகப் போட்டபோது பார்த்தவர்களுக்குக் குழப்பம் என்பதால் நாயகனின் பின்னணிக் குரலையும் சுபமான முடிவையும் தயாரிப்புத் தரப்பு சேர்த்தது. 1992ல் வந்த பதிப்பு அந்த இரண்டையும் எடுத்துவிட்டு ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவைச் சேர்த்தது. 2007ல் வந்ததுதான் ஸ்காட்டின் முழுக் கட்டுப்பாட்டில் முடிந்த பதிப்பு. ஒருவர் பழைய பதிப்பையும் இன்னொருவர் புதிய பதிப்பையும் பார்த்துவிட்டு வந்து வாதாடினால் விடியும்வரை பேசினாலும் முடியாது. இரண்டு பேரும் பார்த்தது வேறு வேறு படம். 2007 பதிப்பையே போடுங்கள்.

இடம், நேரம், சத்தம்

இதை அற்பம் என்று விட்டுவிடுகிறார்கள். ‘போர்’ என்று சொல்லப்படுகிற படங்களில் பாதி, தப்பான நேரத்தில் போட்ட படங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு இந்த மாதிரிப் படத்தைப் போடாதீர்கள். எவ்வளவு ஆர்வம் உள்ளவருக்கும் கண் சொருகும். காலையில் பத்து மணிக்குத் தொடங்கி, முடித்து, பேசி, அப்புறம் சாப்பிடப் போகலாம். பசியோடு பேசுகிறவர்கள் வளவளவென்று இழுக்கவும் மாட்டார்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், இரவு வரை ஆட்கள் ஓய்ந்திருக்கமாட்டார்கள், அன்றைக்கு வேண்டாம்.

சத்தம் ரொம்ப முக்கியம். பேச்சு குறைந்த படங்களில் கதையே காது வழியாகத்தான் வரும். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓடுகிற தெருவில் இருந்தால், தறி நிற்கிற நாளைப் பார்த்து வையுங்கள். மேலே சடசடக்கும் ஃபேனைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டுப்பாருங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கர் போதாது. சாதாரண ஸ்பீக்கர் இரண்டு வைத்தாலே போதும், வித்தியாசம் தெரியும். ஜன்னலுக்குப் போர்வை கட்டி அறையை இருட்டாக்குங்கள். கரண்ட் போகும் நாளா என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதியில் நின்றால் இந்தப் படங்களின் பிடி விட்டுப்போகும்.

திரையின் கீழே வருகிற துணையெழுத்தை (சப்டைட்டில்) படிக்கச் சிரமப்படுகிற பெரியவர்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். இப்படங்களில் பலவற்றில் பேச்சு குறைவு. சண்டைப் படங்களைவிடத் துணையெழுத்தைப் படிக்க நிறைய நேரம் கிடைக்கும். தார்க்கோவ்ஸ்கியின் படங்களை ரஷ்யாவின் மாஸ்ஃபிலிம் நிறுவனமே தன் யூடியூப் சேனலில் ஆங்கிலத் துணையெழுத்தோடு வெளியிட்டிருக்கிறது.

வீட்டில் சொந்தபந்தத்தோடு பார்ப்பது வேறு, மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டிக் காட்டுவது வேறு. பொதுவில் காட்டினால் உரிமை வாங்க வேண்டும்.

படம் போடும் முன் என்ன சொல்ல வேண்டும்

மூன்று விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்: எவ்வளவு நேரம், எவ்வளவு மெதுவாகப் போகும், கடைசியில் விடை கிடைக்குமா கிடைக்காதா. கதையைச் சொல்லாதீர்கள். ‘உலகத்தின் தலைசிறந்த படம்’ என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பிடிக்காதவருக்கு வாயைத் திறக்கக் கூச்சம் வந்துவிடும், பிடித்தவருக்கோ யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விடும்.

எதிர்பார்ப்பு எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு 2002ல் ஸ்டீவன் சோடர்பெர்க் மறுபடி எடுத்த ‘சோலாரிஸ்’ நல்ல உதாரணம். ஜார்ஜ் க்ளூனி நடித்தது. அமெரிக்காவில் முதல் நாள் பார்வையாளர்களிடம் வாசலிலேயே அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் உண்டு. அதில் அந்தப் படத்துக்குக் கிடைத்தது ‘எஃப்’, அதாவது இருப்பதிலேயே கடைசி. மிக மோசமாக எடுத்த படங்களுக்குக்கூட எளிதில் வராத மதிப்பெண் அது. பெரிய நட்சத்திரத்தின் காதல் கதை, விண்வெளிப் படம் என்று நம்பி டிக்கெட் எடுத்தவர்கள், இறந்த மனைவியின் நினைவோடு ஒரு மனிதன் மன்றாடுவதைப் பார்த்துவிட்டு, ஏமாந்தோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் மதிப்பெண் போட்டது தாங்கள் எதிர்பார்த்து வராத படத்துக்கு.

இந்தப் பயத்தால் படம் தியேட்டருக்கே வராமலும் போகும். அலெக்ஸ் கார்லண்டின் ‘அனைஹிலேஷன்’ (2018) தயாரானபோது, சோதனைக்காகப் போட்ட காட்சியில் வரவேற்பு சரியில்லை, பொதுமக்களுக்கு ரொம்பவும் யோசிக்க வைக்கும் படம் என்று தயாரிப்புத் தரப்பிலேயே தகராறு வந்தது. கடைசியில் அமெரிக்கா, கனடா, சீனா தவிர்த்த பெரும்பாலான நாடுகளில் அது நேராக நெட்ஃபிளிக்ஸில்தான் வந்தது. அந்தப் படத்தின் கடைசிக் கால் மணி நேரத்தை நம் ஊரில் பலரும் போனில் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். போட்டால் இருக்கிறதிலேயே பெரிய திரையில் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது

போன் எல்லாம் ஒரு தட்டில், இன்னொரு அறையில். நடுவில் விளக்கம் சொல்லக் கூடாது, முக்கியமாக நீங்கள். ‘இப்ப பாருங்க, இது முக்கியம்’ என்று சொல்லும் ஆள் பக்கத்தில் இருந்தால் யாராலும் சொந்தமாகப் பார்க்க முடியாது.

எழுந்து போக நினைப்பவரைத் தடுக்காதீர்கள். வருத்தமும் படாதீர்கள். ‘ஸ்டாக்கர்’ தொடக்கம் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று சோவியத் அதிகாரிகள் சொன்னபோது, தப்பான அரங்குக்கு வந்தவர்கள் எழுந்து போக நேரம் வேண்டும், அதனால் இன்னும் மெதுவாக இருக்க வேண்டும் என்ற மாதிரி தார்க்கோவ்ஸ்கி பதில் சொன்னதாகச் சொல்வார்கள். போகிறவர் போகட்டும். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: முடிந்து பேசும்போது அவரும் வந்து, எந்த இடத்தில் எழுந்தார் என்று சொல்ல வேண்டும்.

முடிந்த பிறகு: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

விளக்கைப் போட்டதும் ‘எப்படி இருந்துது?’ என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்விதான் கூட்டத்தை இரண்டாக உடைக்கிறது. நல்லா இருந்துச்சு, நல்லா இல்லை என்று சொல்லிவிட்டால், சொன்னவர் அப்புறம் தன் கட்சியை விட்டு இறங்கமாட்டார். ‘என்ன அர்த்தம்?’ என்ற கேள்வியும் உடனே வேண்டாம். முதலில் டீ கொடுங்கள். அதைக் குடித்து முடிக்கும்வரை படத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பிறகு சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது: “நீங்க பார்த்ததுல, கேட்டதுல, மனசுல நிக்கிற ஒண்ணைச் சொல்லுங்க.” கருத்து வேண்டாம். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். யாருக்கும் இது கஷ்டமில்லை, படிப்பும் தேவையில்லை, யாரும் யாரையும் மட்டம் தட்டவும் முடியாது.

இதன் பலன் என்ன என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ‘ஸ்டாக்கர்’ பார்க்காதவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

1979ல் வந்த அந்தப் படத்தில், மூன்று பேர் தடைசெய்யப்பட்ட ஒரு நிலப்பகுதிக்குள் போகிறார்கள். உள்ளே போக ஒரு சிறு தண்டவாள வண்டி. அவர்களுடைய தலைகளையும் பின்னால் மங்கலாக ஓடும் இடங்களையும் தவிர நீண்ட நேரத்துக்கு வேறெதுவும் இல்லை. எல்லாக் கூட்டத்திலும் அதிகம் திட்டு வாங்குகிற காட்சி அதுதான். ஒருமுறை பேசும்போது, தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் கடைசியாக வாயைத் திறந்தார். படம் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“எனக்கு ஒண்ணும் பெருசாப் புரியலைங்க. அந்த வண்டிச் சத்தம் மட்டும் மாறுச்சு. மொதல்ல நெசச் சக்கரம் தண்டவாளத்துல தட்டுற சத்தம். அப்புறம் போகப் போக அது சக்கரச் சத்தமே இல்லீங்க.”

“எப்பங்கண்ணா மாறுச்சு?” என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டான்.

“அதுதானுங்க தெரியலை. நாள் பூராத் தறிச் சத்தம் கேக்கறவன் நானு, ஒரு நூல் அறுந்தாக் காது சொல்லீரும். இதுல எங்க மாறுச்சுன்னே தெரியாம மாத்தீட்டாங்க.”

அவர் சொன்னது அச்சு அசலாக உண்மை. இசையமைப்பாளர் எதுவார்த் அர்தெமியெவ், சக்கரம் தட்டும் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக மின்னணு ஒலியாக்கிக்கொண்டே போகிறார். அந்தப் பயணம் முடிகிற இடத்தில்தான் பழுப்பு நிறத்தில் இருந்த படம் வண்ணத்துக்கு மாறுகிறது. அதாவது கண் எல்லையைக் கடக்கும் முன்பே காது கடந்துவிட்டது. படத்தைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்த யாரும் இதைக் கவனிக்கவில்லை. பிடிக்காத ஒருவரிடமிருந்து வந்தது. அன்றைக்கு ‘எப்படி இருந்துது’ என்று கேட்டிருந்தால், ‘சுமாருங்க’ என்ற ஒற்றைச் சொல்லோடு அவர் எழுந்து போயிருப்பார்.

பார்த்ததைச் சொல்லி முடித்த பிறகு, இப்போது கேளுங்கள்: ‘ரெண்டு விதமா எடுத்துக்கலாம்ங்கிற இடம் எது?’ இதே படத்தின் கடைசியில் ஒரு சிறுமி மேசைமேல் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடித் தம்ளர்கள் தானாக நகர்கின்றன. ஒன்று கீழே விழுகிறது. அப்புறம் ரயில் சத்தம் பெரிதாகி வீடே அதிர்கிறது. சிறுமியின் பார்வைதான் நகர்த்தியதா, ரயில் அதிர்வா? இங்கே கட்சி பிரியட்டும், ஆனால் ஒவ்வொரு கட்சியும் படத்திலிருந்தே சாட்சி கொண்டுவர வேண்டும். ரயில் கட்சிக்கு நல்ல சாட்சி உண்டு: படத்தின் தொடக்கத்திலும் ரயில் போகும்போது படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் தம்ளர் அதிர்கிறது. சிறுமி கட்சிக்கும் உண்டு: அந்த நிலப்பகுதிக்கு வெளியே நடக்கும் வீட்டுக் காட்சிகள் பழுப்பு நிறத்தில் இருக்க, இந்தக் காட்சி மட்டும் வண்ணத்தில் இருக்கிறது. இந்த அளவுக்கு வந்துவிட்டால், யாருக்குப் படம் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்பதே மறந்துவிடும். எல்லோரும் தம்ளரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கோபத்தை வகை பிரித்துப் பாருங்கள்

‘பிடிக்கலை’ என்பது ஒரே பேச்சு மாதிரி காதில் விழும். உள்ளே வேறு வேறு குறைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டியதும் வேறு.

‘ரொம்ப மெதுவுங்க’ என்பவரிடம் எந்தக் காட்சி என்று கேளுங்கள். அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டு, மற்றவர்கள் அதில் என்ன பார்த்தார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். 1972 ‘சோலாரிஸ்’ படத்தில் டோக்கியோ நெடுஞ்சாலைகளில் கார் போய்க்கொண்டே இருக்கும் காட்சி இருக்கிறதே, அதில் எனக்கும் பொறுமை போகும். அந்த நீளம் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. அதைக் கூட்டத்தில் சொல்லவும் செய்வேன். பெரிய இயக்குநர் படத்திலும் குறை சொல்லலாம் என்று தெரிந்தால்தான் புதியவர்கள் பேசுவார்கள்.

‘புரியலைங்க’ என்பவருக்குச் சில சமயம் நிஜமாகவே ஒரு தகவல்தான் விட்டுப்போயிருக்கும். துணையெழுத்து வேகமாகப் போயிருக்கும், இரண்டு பாத்திரங்களை ஒருவர் என்று நினைத்திருப்பார். அதை உடனே சொல்லிவிடுங்கள், சஸ்பென்ஸ் வைக்க வேண்டாம். ஷேன் கரூத் ஏறக்குறைய 7,000 டாலரில் எடுத்த ‘பிரைமர்’ போன்ற காலப் பயணப் படத்தில் தாளும் பேனாவும் எடுத்து யார் எந்த நேரத்தில் எங்கே என்று வரைந்தால் நிறையத் தெளியும்; மில், பட்டறை, பம்ப் கம்பெனி என்று இயந்திரத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு அது பிடித்தும் போகும். ‘2001’ படத்தின் கடைசி அறையைத் தாள் பேனா வைத்துத் தீர்க்க முடியாது. முதல் வகையில் விடை உள்ளே ஒளிந்திருக்கிறது. இரண்டாவது வகையில் பார்ப்பவருக்கென்று இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், இல்லாத விடையைத் தேடிக் களைத்துப்போகமாட்டார்கள்.

‘ஏமாத்திட்டாங்க’ என்பவரை மட்டும் ஜாக்கிரதையாகக் கேளுங்கள். மற்ற இருவரையும்விட அவர்தான் ஆழமாகப் பார்த்திருக்கிறார். படம் ஒரு வாக்குக் கொடுத்தது, அதைக் காப்பாற்றவில்லை என்கிறார். என்ன வாக்கு, எந்தக் காட்சியில் கொடுத்தது என்று கேட்டால் பல நேரம் அவரிடம் சரியான பதில் இருக்கும். சில படங்கள் நிஜமாகவே ஏமாற்றுகின்றன. முடிக்கத் தெரியாமல் மங்கலாக்கி விட்டுவிட்டு, கலை என்று பெயர் வைப்பதும் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க என் வழி ஒன்று உண்டு: கடைசிக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு முதல் பத்து நிமிடத்தை மறுபடி பாருங்கள். முடிவுக்கான விதை அங்கே விழுந்திருந்தால் இயக்குநர் தெரிந்துதான் செய்திருக்கிறார். எதுவுமே இல்லையென்றால், கோபப்பட்டவர் பக்கம்தான் நியாயம்.

புகழ்கிறவரையும் சும்மா விடாதீர்கள். ‘அருமைங்க, வேற லெவல்’ என்று சொன்னால், எந்த இடம் என்று அவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். இடத்தைக் காட்ட முடியாத புகழ்ச்சி, இடத்தைக் காட்ட முடியாத திட்டைவிட எந்த விதத்திலும் உசத்தி இல்லை. ‘உங்களுக்கெல்லாம் இது புரியாது’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வயதில் மூத்தவர் சொன்னாலும், “மாமா, அப்படிச் சொல்லாதீங்க, உங்களுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க” என்று பணிவாகக் கேட்டுவிடலாம். கூட்டங்கள் பெரும்பாலும் உடைவது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

விளக்க வீடியோக்கள்

படம் முடிந்ததும் ‘முடிவு விளக்கம்’ என்று யூடியூபில் தேடும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. தடுக்க வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதற்குள் அவரவர் நினைத்ததை இரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளட்டும். வீடியோ பார்த்த பிறகு தாம் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வீடியோக்காரருக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரிந்திருப்பது தெரியவரும்.

இரண்டாம் முறை

பிடிக்காத படத்தை மறுபடி பார்க்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். பிடித்தவர்கள் மட்டும் சில மாதம் கழித்துப் பார்க்கட்டும். பிடிக்காதவர் அன்றைக்கு வந்தால் அது அவருடைய விருப்பம். மூன்று நான்கு படம் பார்த்தும் ஒருவருக்கு இந்த வகையே ஒத்துவரவில்லை என்றால், சரி, விட்டுவிடலாம். ஆனால் அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடம் கொடுங்கள். அவர் ‘எந்திரன்’ என்று சொன்னால் ‘எந்திரன்’ போடுங்கள். முடிந்ததும் டீ கொடுத்துவிட்டு, அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள்.